யாருடைய சித்தம்? தோட்டத் தமிழரிடையே விண்ணப்பமும் ஒப்புக்கொடுத்தலும்

தேவ சித்தத்தின்படி ஜெபிப்பது பற்றித் தமிழ்ப் பிரசங்கங்களில் ஒரு வரிசை நிலைத்துவிட்டது: முதலில் சித்தத்தை அறிந்துகொள், பிறகு அதற்கு இசைந்ததை மட்டும் கேள். ஆதாரமாக 1 யோவான் 5:14 காட்டப்படுகிறது. ஆனால் அந்த வசனம் கேட்பவருக்குத் தைரியம் ஊட்டவே எழுதப்பட்டது. வாயைத் திறக்குமுன் விண்ணப்பத்தை வடிகட்டுவதற்கு அல்ல. கெத்செமனேயில் வரிசையே வேறு. பாத்திரம் நீங்க வேண்டும் என்று இயேசு ஒளிவுமறைவின்றிக் கேட்கிறார். ஒப்புக்கொடுத்தல் அதன் பின்பே வருகிறது. லூக்கா மட்டும் சித்தத்தை முன்னே வைக்கிறார். அவரும் விண்ணப்பத்தை விட்டுவிடவில்லை.

இதைவிட முக்கியமாக, அங்கே ஒப்புக்கொடுக்கப்படுவது இயேசுவின் சொந்தப் பாத்திரம். ஒருவர் தம் துன்பத்தைக் குறித்து "சித்தம் ஆகட்டும்" என்றால் அது ஜெபம். அடுத்தவர் துன்பத்தைக் குறித்து அதையே சொன்னால் பெரும்பாலும் அது தீர்ப்பு. இக்கட்டுரையின் வாதம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இதை மலேசியாவின் செபராங் பிறையிலுள்ள தாசேக் கெலுகோர் பக்கத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. செபராங் பிறை, 19ஆம் நூற்றாண்டில் கரும்பாலும் பின்னர் ரப்பராலும் தமிழர் உழைப்பில் செழித்த நிலம். பால்மரக் காட்டில் வேலை செய்தவருக்கு மேலே எப்போதும் யாரோ ஒருவரின் சித்தம் இருந்தது: கங்காணி, கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. குடியிருந்த லயம், பிள்ளை படித்த பள்ளி, காய்ச்சலுக்கு மருந்து எல்லாமே அந்தச் சித்தத்துக்குக் கட்டுப்பட்டவை. அப்படிப் பழகிய காதில் "ஆண்டவர் சித்தம்" எப்படி விழுந்திருக்கும்? நம் இறையியலாளர்கள் இதைப் போதிய அளவு கேட்டதில்லை.

1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டுகள் பால் வெட்டியவர்கள் தவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அத்தகைய வீட்டில் நின்று "எல்லாம் சித்தம்" என்று ஆறுதல் சொல்பவர், அமைச்சரவை எடுத்த முடிவைப் பரலோகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார். பக்தியின் உடையில் வரும் பிழை இது.

பழைய இறையியல் இந்தப் பிழைக்கு இடம் தரவில்லை. தெய்வ ஏற்பாட்டை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை என்பார் தாமஸ் அக்குவினாஸ். ஜெபத்தின் வழியாகவே கிடைக்கும்படி தேவன் ஏற்பாடு செய்தவற்றைப் பெறுவதற்காக ஜெபிக்கிறோம். அப்படியானால் விண்ணப்பமும் சித்தத்தின் ஒரு பகுதியே. இறையியலாளர் பி. டி. ஃபோர்சைத் 1916இல் வெளியான தம் ஜெப நூலில் இன்னும் துணிகிறார்: நிலவும் நிலைமையை எதிர்த்து மன்றாடுவதும் சில வேளைகளில் தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிதலே. அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த விதவையை இயேசு முன்மாதிரியாக வைத்தார். சீரோபேனிக்கியா நாட்டுப் பெண்ணோ அவரிடமே மறுப்பைக் கேட்டு, வாதாடி, மகளுக்குச் சுகம் பெற்றுப் போனாள். மறுப்பைச் சித்தம் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தால் மகள் நோயில்தான் கிடந்திருப்பாள்.

பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது மலாயாத் தமிழர் செய்ததும் இங்கே நினைக்கத்தக்கது. 1960இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவின் புக்கிட் சிடிம் முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. அது சமய முயற்சி அல்ல. அதற்குத் திருநீறு பூசவோ சிலுவை போடவோ வேண்டியதில்லை. ஆனாலும் விற்பனைப் பத்திரத்தை விதியாக ஏற்காத மனம் அங்கே செயல்பட்டது. சித்தத்தின்படி ஜெபிக்கிறவருக்கும் அந்த மனம் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: இப்படிப் போனால் ஜெபம் பேரமாகிவிடாதா? தாசேக் கெலுகோரிலிருந்து ரயிலில் தெற்கே அடுத்த நிலையமான புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது. ஜூலை 26ஆம் நாள் திருவிழாவுக்கு இந்துக்களும் மெழுகுவத்தி ஏந்தி வருகிறார்கள். குழந்தை வரத்துக்கும் நோய் தீரவும் நேர்ச்சை வைப்பதைச் சீர்திருத்த சபையார் சிலர் பேரம் என்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. தேவையைச் சொல்லத் தெரிந்தவர்தான் பின்பு அதை விட்டுக்கொடுக்கவும் முடியும். கேளாதவரிடம் ஒப்புக்கொடுக்க என்ன இருக்கிறது?

திருநெல்வேலிச் சீமை டோனாவூரின் மிஷனரி ஏமி கார்மைக்கேல் இதற்குச் சான்று. உடன் ஊழியர் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தபோது சுகம் வேண்டி மன்றாடினார். அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 1915இல் பொன்னம்மாள் இறந்தார். 1931 அக்டோபர் 24 காலையில், தம்மை ஊழியத்துக்குத் தகுதியாக்க எதையும் செய்யும்படி ஏமி ஜெபித்தார். அன்றே களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேதான். அந்த முறிவைத் தேவனின் கையிலிருந்து வந்ததாக ஏற்க அவருக்கு உரிமை இருந்தது, ஏனெனில் கால் அவருடையது. மும்முறை வேண்டியபின் தம் முள்ளோடு வாழ இசைந்த பவுலுக்கும் அப்படியே. ஆனால் அதே ஏமி, கோவில்களுக்கு ஒப்படைக்கப்பட்ட சிறுமிகளின் நிலையைச் சித்தம் என்று விட்டுவிடவில்லை; 1901 முதல் அவர்களை மீட்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

ஒரே ஆள், இரண்டு நிலைகள், முரண்பாடு இல்லை. சிவப்பு அட்டைக்காரர் வீட்டில் ஜெபிக்கப் போகிற சபை ஐயரும் முதலில் அவரோடு சேர்ந்து குடியுரிமைக்கான நீல அட்டைக்காகத்தான் கேட்க வேண்டும். ஒப்புக்கொடுக்கும் வார்த்தையை எப்போது சொல்வது, சொல்வதா என்பதையே அந்த வீட்டாரிடம் விட்டுவிட வேண்டும்.