எரிந்த ஊரின் கணக்கு

ஓர் ஊர் தீக்கிரையானால் நாம் முதலில் எண்ணுவது உயிர்களை, பிறகு வீடுகளை. மூன்றாவதாக எண்ண வேண்டிய ஒன்றை வரலாறு பெரும்பாலும் எண்ணாமலே விட்டுவிடுகிறது. ஊர் என்ற அமைப்புதான் அது. சாலைக்கும் காவலுக்கும் தீயணைப்புக்கும் பொறுப்பேற்று, வரி வாங்கி, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் உள்ளாட்சி, வீடுகள் எரிந்த அன்றே தன் வருமானத்தையும் இழக்கிறது. செலவோ அன்றுதான் பெருகத் தொடங்குகிறது. இந்தப் பள்ளத்தை அரசு எப்படி நிரப்பியது, என்ன பெயர் சொல்லி நிரப்பியது என்று அமெரிக்க வரலாற்றில் தேடிச் சென்றால் விசித்திரமான ஓர் உண்மை தட்டுப்படுகிறது. பணம் பல சமயங்களில் வந்திருக்கிறது. ஆனால் உதவி என்ற சொந்தப் பெயரில் அது வந்தது அரிது.

இந்தக் கதை காட்டில் தொடங்கவில்லை, ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது. 1802 டிசம்பர் 26 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பெருந்தீ மூண்டது. மூன்று வாரங்களுக்குள், 1803 ஜனவரி 14 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம் காங்கிரசில் நிறைவேறியது. பேரிடருக்கென மத்திய அரசு இயற்றிய முதல் சட்டம் என்று இதையே வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் கருவூலத்திலிருந்து ஒரு காசும் வெளியேறவில்லை. வணிகர்கள் செலுத்த வேண்டிய சுங்கத் தீர்வைக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது, அவ்வளவுதான். அரசின் கருணை, தவணை நீட்டிப்பு என்ற உருவில் முதன்முதலாக மேடையேறியது.

1871 அக்டோபர் 8 இரவில் இரண்டு தீக்கள் எரிந்தன. சிகாகோ எரிந்ததை உலகம் அறியும். அதே இரவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பெஷ்டிகோ என்னும் மரத்தொழில் ஊரும் அதைச் சூழ்ந்த காடும் எரிந்தன. அங்கே மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். சரியான எண்ணிக்கை இன்றுவரை கணிப்பாகவே நிற்கிறது. அமெரிக்க வரலாற்றில் அத்தனை உயிரைக் குடித்த காட்டுத்தீ வேறில்லை. பெஷ்டிகோவின் ஆலைகளில் பெரும் பங்கு வைத்திருந்த வில்லியம் ஆக்டன்தான் சிகாகோவின் முதல் மேயராக இருந்தவர் என்பது தற்செயலின் குரூரம். பெஷ்டிகோவுக்கு உணவும் போர்வையும் நன்கொடையும் போயின. அவை மனிதர்களுக்குச் சென்ற உதவி.

சிகாகோவுக்கோ வேறு வகையான பணமும் கிடைத்தது. இலினாய் மாநிலத்தின் 1870ஆம் ஆண்டு அரசியல் சாசனம், நகரங்களின் கடன் பொறுப்பை மாநிலம் ஏற்பதைத் தடுத்தது. சட்டமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது. இலினாய்-மிச்சிகன் கால்வாயை ஆழப்படுத்த நகராட்சி முன்பு செலவிட்ட தொகையை, ஏறத்தாழ 30 லட்சம் டாலரை, மாநிலம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று 1871 அக்டோபரில் முடிவு செய்தது. அதைப் பாலங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும், நகரத்தின் கடன் வட்டிக்கும், காவல் தீயணைப்புத் துறைகளுக்கும் செலவிட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. தானம் கூடாது, ஆனால் பழைய பாக்கியைத் தீர்க்கலாம். எரிந்த நகராட்சிக்கு என்ன தேவை என்பதை அந்தச் சட்டமன்றம் துல்லியமாக அறிந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வழியில்லை. பெஷ்டிகோவுக்கு அப்படித் திருப்பித் தர ஒரு கால்வாய் இல்லை.

அடுத்த பெயர் இழப்பீடு. 1918 அக்டோபர் 12 அன்று மின்னசோட்டாவின் குளோக்கே, மூஸ் லேக் பகுதிகளில் பரவிய தீயில் சுமார் 450 பேர் இறந்தார்கள். ரயில் எஞ்சின்களின் தீப்பொறிகள் முக்கியக் காரணமென்று குற்றஞ்சாட்டப்பட்டது. முதல் உலகப்போரை முன்னிட்டு ரயில்வேக்கள் அப்போது மத்திய அரசின் நிர்வாகத்தில் இருந்தமையால், வழக்குகள் அரசின் மீதே வந்தன. இழப்பின் ஒரு பகுதியே முதலில் கிடைத்தது. மீதியைக் கொடுப்பதற்கான சட்டம் 1935இல்தான் வந்தது. பதினேழு ஆண்டுகள்! அதற்குள் பலர் காத்திருந்தே முதுமை எய்தியிருப்பர்.

1803க்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் இப்படி ஒவ்வொரு பேரிடருக்கும் தனித்தனியாகச் சட்டம் செய்து களைத்த காங்கிரஸ், 1950இல் ஒரு நிரந்தர ஏற்பாட்டைச் செய்தது. உள்ளாட்சியை நேருக்கு நேர் பார்த்த சட்டம் அது. சாலை, பாலம், பொதுக் கட்டடம் ஆகியவற்றைச் செப்பனிட மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் துணைநிற்பது அதன் நோக்கம். பின்னாளில் 1974, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதை விரிவாக்கின. இன்று பொதுச் சொத்தைச் சீரமைக்கும் தகுதியான செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கிறது. எஞ்சியதை மாநிலமும் உள்ளாட்சியும் பகிர்ந்துகொள்கின்றன. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகே பணத்தைக் கோர வேண்டும். வருமானமே எரிந்துபோன நகராட்சி எதை எடுத்துச் செலவழிக்கும்?

இழந்த வருமானத்துக்கென 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கடன் திட்டத்தை வைத்தது. உள்ளாட்சியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 25 விழுக்காடு வரை கடன் வாங்கலாம். மூன்று நிதியாண்டுகள் கழிந்தும் வருமானம் தேறவில்லை எனில், கடனைத் தள்ளுபடி செய்யலாம். 2000இல் இதற்கு 50 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு வந்தது. கொடுப்பதற்குக் கூச்சப்பட்டுக் கடனென்று பெயரிட்ட கொடை என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவு ஏற்பாடுகளும் சேர்ந்து நின்று சோதிக்கப்பட்ட நாள் 2018 நவம்பர் 8. கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில், பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன கொக்கி அறுந்தது. அதிலிருந்து மூண்ட தீ 85 உயிர்களையும் 18,000க்கும் அதிகமான கட்டடங்களையும் கொண்டுபோயிற்று. சுமார் 26,000 பேர் வாழ்ந்த பாரடைஸ் நகரம் அன்று ஒரு பகலுக்குள் பெரும்பாலும் அழிந்தது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் 4,764 பேர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு எரிந்தவர் தம் சொத்தின் வரிமதிப்பைக் குறைக்கக் கோருவதற்குக் கலிஃபோர்னியச் சட்டம் இடமளிக்கிறது. நியாயமான சலுகைதான், சாம்பலுக்கு யார் வரி கட்டுவார்கள்? ஆனால் குடிமகனுக்கு ஆறுதல் தரும் அதே கையெழுத்து நகராட்சியின் கஜானாவைச் சுருக்குகிறது. குடிநீர் வழங்கிய நீர்ப்பாசன மாவட்டத்துக்கும் இதே கதி: குழாய்களில் பென்சீன் கலந்துவிட்டது, கட்டணம் செலுத்துவோர் ஊரிலேயே இல்லை. 2019இல் மாநில அரசு உள்ளாட்சிகள் இழந்த சொத்து வரியை ஈடுசெய்யப் பணம் ஒதுக்கியது. இடிபாடுகளை அகற்றும் செலவில் உள்ளாட்சிகளின் பங்கையும் தானே ஏற்றது. 1871இல் இலினாய் சுற்றிவளைத்துச் செய்ததை இங்கே ஒரு மாநிலம் நேராகச் செய்தது.

ஆயினும் பாரடைஸ் நகராட்சியை உண்மையில் தாங்கியது வேறு பணம். 2019 ஜூனில் அந்த மின்நிறுவனம் பதினான்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கு 100 கோடி டாலர் தருவதாக உடன்பட்டது. அதில் 27 கோடி பாரடைசின் பங்கு. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மறுபடியும் இழப்பீடு, மறுபடியும் குற்றவாளி ஒருவர் இருந்ததால் கிடைத்த பணம். 2000இல் நியூ மெக்சிகோவின் லாஸ் அலமாஸ் பகுதி எரிந்தபோதும் இதே முறைதான். தேசியப் பூங்காத் துறை திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறிப் போனதால், மே மாதத் தீக்கு ஜூலையிலேயே தனி இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது.

அப்படியானால் குற்றவாளி இல்லாத தீ? அதற்கும் உதாரணம் அதே பியூட் கவுண்டியிலேயே இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய தீ, செப்டம்பரில் காற்றோடு பாய்ந்து பெர்ரி கிரீக் என்ற மலையூரை அழித்தது. இரண்டே ஆண்டு இடைவெளி, ஒரே கவுண்டி. ஆனால் மின்னல்மீது வழக்குத் தொடர முடியாது. பெர்ரி கிரீக்குக்குச் சொந்தமாக ஒரு நகராட்சியும் இல்லாததால், ஊரின் பெயரால் கேட்பதற்கு கவுண்டியை விட்டால் ஆளில்லை.

ஆக, இரு நூற்றாண்டுகளில் அரசு எரிந்த ஊருக்குத் தவணை கொடுத்தது, பழைய பாக்கியைத் தீர்த்தது, இழப்பீடு கொடுத்தது, பாலம் கட்டியது, கடன் கொடுத்தது. ஒவ்வொன்றும் தேவையானதே. ஆனால் ஊர் மீண்டும் ஊராவதற்கு, மக்கள் திரும்பி வரும்வரை யாரோ ஒருவர் நகராட்சி அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும்; கட்டட அனுமதிக்கு முத்திரை குத்த வேண்டும்; தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அவருடைய சம்பளம் தீயை மூட்டியது யார் என்ற கேள்விக்கான விடையைச் சார்ந்திருக்கலாகாது என்பதே எங்கள் எண்ணம். சிகாகோவின் பாக்கியைத் தேடிக் கண்டுபிடித்த அந்தச் சட்டமன்றத்துக்கு 1871இலேயே இது புரிந்திருந்தது. அதே இரவில் எரிந்த பெஷ்டிகோவின் பெயரில் அப்படி ஒரு கணக்கை யாரும் திறக்கவில்லை.