நிகண்டும் அரிச்சுவடியும்

என் தங்கையின் பேத்தி பி.காம். படிக்கிறாள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ‘பைத்தான்’ என்னும் பாஷையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். போன மாதம் வந்தவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். இலவசப் பாடங்கள், வீடியோக்கள், புத்தகங்கள் என்று அனுமார் வால் போல் நீண்ட பட்டியல். ஆறு இடத்தில் ஆரம்பித்து, ஆறு இடத்திலும் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

“எதைப் படிக்கிறதுன்னே தெரியலை, தாத்தா. எனக்குத்தான் மூளை போதலை போலிருக்கு” என்றாள்.

புரோகிராம் விஷயத்தில் நான் பூஜ்யம். ஆனால் பழங்கதைகளைத் துருவுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு. குறை கற்பவர் மூளையிலா, கற்பிக்கும் புத்தகத்திலா என்ற இந்த வழக்கு, கம்ப்யூட்டர் பாஷைகள் பிறந்த நாளிலிருந்தே நடந்து வருகிறது என்பது துருவிப் பார்த்ததில் தெரிந்தது.

முதலில் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரிச்சுவடியும் உண்டு, நிகண்டும் உண்டு. நிகண்டு தெரிந்தவனுக்குத் துணை. அரிச்சுவடி தெரியாதவனுக்கு வாசற்படி. இரண்டுக்கும் முன்னால் மணல் இருந்தது. பையன் விரலால் ‘அ’ எழுதுவான். கோணலாக வந்தால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவான். ஓலை வீணாவதில்லை, பிழைக்கு விலை கிடையாது.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பாக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு ‘ஃபோர்ட்ரான்’ என்ற பாஷையை உருவாக்கி, 1957-இல் வெளியிட்டது. பாஷை வெளிவருவதற்கு முன்பே, 1956 அக்டோபரில், அதன் விதிகளையெல்லாம் தொகுத்து ஒரு கையேடு அச்சாகிவிட்டது. விதிகள் ஒன்றுவிடாமல் இருந்தன. ஆனால் அது நிகண்டு. புதிதாக வருகிறவனுக்கு அது போதாது என்பது சீக்கிரமே விளங்கியது. 1957-லேயே கிரேஸ் மிட்செல் என்ற பெண்மணி அதே பாஷைக்கு ஓர் அரிச்சுவடி எழுதினார். ஆக, பாஷை பிறந்த வருஷத்திலேயே இரண்டும் வேறு வேறு என்பது தெரிந்துவிட்டது. அதை நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அரிச்சுவடி வந்தது, மணல் வரவில்லை. அந்நாளில் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதித்து, அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், பதில் வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்தப் பதில், “பிழை” என்பதுதான். அட்டையைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். இப்படி நாலு நாள் அலைந்த பிறகு ஆசை மிஞ்சுமா?

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஹானோவர் என்ற சிற்றூரில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. அங்கே ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்று இரண்டு கணித ஆசிரியர்கள் இருந்தார்கள். கெமெனி புடாபெஸ்ட் நகரில் பிறந்து, பதின்மூன்று பதினாலு வயதில் அகதியாக வந்தவர். பிற்பாடு ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தவர். அந்தக் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்காத மாணவர்களே பெரும்பாலோர். நாளைக்கு உத்தியோகங்களில் அமர்ந்து நாட்டுக்கு முடிவு செய்யப் போகிறவர்கள் அவர்கள்தாமே, அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாமா என்று இருவரும் கேட்டார்கள். புத்தகசாலையில் எவரும் நுழைந்து புத்தகத்தை எடுப்பதுபோல, எந்த மாணவனும் வந்து கம்ப்யூட்டரைத் தொடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

1964 மே முதல் தேதி, விடியற்காலை நாலு மணி. ‘பேசிக்’ என்ற புதிய பாஷை அங்கே முதன்முதலாக ஓடியது. சாதாரண ஆங்கிலச் சொற்கள் சிலவே அதன் மூலதனம். ஒரே யந்திரம் தன் நேரத்தைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. மாணவன் டைப் அடித்தான். சில விநாடிகளில் பதில் வந்தது. பிழையா? அதையும் உடனே சொன்னது. மணல் கிடைத்துவிட்டது!

அதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1963 ஆகஸ்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் ‘ஐ.பி.எம். 1620’ என்ற கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியர்களும் வந்தார்கள். ஃபோர்ட்ரான் வகுப்புகள் தொடங்கின. மாணவர்களுக்கு மட்டுமின்றி, வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் எஞ்சினீயர்களுக்கும் பாடம் நடந்தது. அங்கே ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் வி. ராஜாராமன், 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். கான்பூரில் டார்ட்மவுத்தின் மணல் இல்லை, அட்டைதான். மணல் இல்லாத இடத்தில் அரிச்சுவடியாவது நன்றாக இருக்கவேண்டும். சீமைப் புத்தகங்களோ விலையில் எட்டாதவை. வகுப்பில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு ராஜாராமன் 1969-இல் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற நூலை வெளியிட்டார். மாணவன் வாங்கக்கூடிய விலையில் புத்தகம் இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்குப் பிறகும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். இந்தியக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவர் புத்தகங்களைக் கொண்டு கற்றார்கள். தெரியாதவன் எந்த இடத்தில் விழிக்கிறான் என்பது, அவன் முகத்தைப் பார்த்துப் பாடம் சொன்னவருக்குத்தானே தெரியும்?

முப்பது வருஷம் கழித்து, 1999-இல், அமெரிக்காவில் இதே கதை மறுபடி நடந்தது. ஆலன் டவுனி என்ற ஆசிரியர், கனத்த பாடப் புத்தகத்தோடு தம் மாணவர்கள் மல்லாடுவதைக் கண்டார். சின்னதாகத் தாமே ஒன்று எழுதி, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டுவிட்டார். அவர் எழுதியது ‘ஜாவா’ என்ற பாஷைக்கு. வர்ஜீனியாவில் ஜெஃப் எல்க்னர் என்ற பள்ளி ஆசிரியர் அதை எடுத்துப் பைத்தானுக்கு மாற்றினார். அந்த வழியில் வந்ததுதான் ‘திங்க் பைத்தான்’ என்னும் புத்தகம். இன்றும் காசில்லாமல் படிக்கலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பேத்தியின் பட்டியலை மறுபடி பார்த்தேன். அவள் முதன்முதலில் முட்டிக்கொண்டது பைத்தான்காரர்களே வெளியிட்டிருக்கும் அதிகாரபூர்வமான பாடத்தில். அது புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கே அன்றிப் புதியவர்களுக்கு அல்ல என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கிறது! மேல் வகுப்புக்கான பாடத்தில் நுழைந்துவிட்டு, பெண் தன் மூளையை நொந்துகொண்டிருக்கிறாள். இப்படித் தம்மை நொந்துகொண்டு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ!

“பட்டியலை மூடி வை, அம்மா. புதுசாக வருகிறவர்களுக்கென்று எழுதினது ஒன்று போதும். முதல் பாடத்திலேயே உன்னை எழுதச் சொல்கிறதா, எழுதினது சரியா தப்பா என்று உடனே தெரிகிறதா என்று மட்டும் பார். அதை முடிக்கிற வரையில் வேறொன்றைத் தொடாதே” என்றேன்.

பத்து நாள் கழித்து வந்தாள்.

“தாத்தா, இன்னிக்கு எட்டுத் தப்பு வந்தது. ஏழை நானே கண்டுபிடிச்சுட்டேன்.”

“பாக்கி ஒன்று?”

“அது நாளைக்கு!” என்று சிரித்தாள்.