மின்சாரம் பாய்ந்த மாயாவிகள்
ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, அச்சுத்தொழிலுக்குப் பெயர்போன சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டு, நல்லவன் என்று உடனே சொல்லிவிட முடியாத நாயகன் ஒருவனைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த இத்தொடரில், வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் அக்கை மட்டும் தெரிய உடல் மறையும் ஆற்றல் பெற்று, முதலில் குற்றவாளியாகவும் பின்னரே உளவாளியாகவும் உலவுகிறான். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு மையில் தீட்டிய அடர்ந்த நிழல்களுக்கிடையே அந்தரத்தில் மிதந்துவரும் அந்தக் கையே கதையின் பாதி அச்சத்தைச் சுமந்தது.

காமிக்ஸ் பக்கங்களில் கண்ட இத்தகைய, சாதாரண மனிதன் சாகச நாயகனாக உருவாகும் தோற்றக்கதையைத் தமிழ்த் திரையில் இருண்ட தொனியில் சொல்ல முனைந்த மிஷ்கினின் ‘முகமூடி’ (2012), ஜீவா, நரேன், நாசர், கிரீஷ் கர்னாட், குங்ஃபூ ஆசானாக இயக்குநர் செல்வா எனத் தேர்ந்த நடிகர்களைத் திரட்டியிருந்தும், திரைக்கதையின் தளர்ச்சியால் தடுமாறியது. வில்லனுக்கும் நிகரான தோற்றக்கதை வேண்டும் என்பதை உணர்ந்து செயல்பட்டது மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ (2021) எனலாம். அதில் ஒரே இரவில் மின்னல் தாக்கி ஆற்றல் பெறும் இருவரில் வில்லனாக மாறும் ஷிபுவை, கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்ற குரு சோமசுந்தரம், ஊராரால் ஒதுக்கப்பட்டவனின் காதலும் வெறியும் ஒருங்கே தெரிய நடித்தார்.