இருபத்தைந்து அடிக்குக் கீழே

கமலை ஓட்டிய காலத்தில் பெரம்பலூர்க் கிணறுகளுக்கு இல்லாத ஓர் எல்லை, இன்ஜின் பம்போடு சேர்ந்து வந்தது. கமலைக்கு ஆழம் ஒரு பொருட்டில்லை. நாற்பது அடிக் கிணறு என்றால் வடம் நீளும், மாடு இறங்கும் சரிவும் அதற்கேற்ப நீளும், ஒரு சாலுக்கு ஆகும் நேரம் கூடும். அவ்வளவுதான். சால் தண்ணீரைக் கீழிருந்து தூக்கி வருகிறது. கரையில் வைத்த பம்பு அப்படிச் செய்வதில்லை. அது தன் வயிற்றுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கும்; வெளிக்காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றிவிட வேண்டும். காற்றின் பலம் 10.3 மீட்டரோடு முடிந்துபோகும். உறிஞ்சு பம்பு ஓரளவுக்கு மேல் இழுக்காது என்று கலிலியோ 1638-ல் வெளிவந்த நூலில் எழுதினார். காரணத்தைச் சில வருடங்களில் டாரிசெல்லி பாதரசக் குழாயில் காட்டினார். உராய்வு, ஃபுட்வால்வு, கசிவு எல்லாம் கழித்தால் நடைமுறையில் ஏழு மீட்டர் தேறும். நம்ம கணக்கில் இருபது, இருபத்தைந்து அடி. எத்தனை குதிரைசக்தி போட்டாலும் இது மாறாது.

சென்னை மாகாணத்துக் கிணறுகளில் ஆயில் இன்ஜினையும் பம்பையும் பொருத்திப் பார்க்கும் வேலையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னெடுத்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன்; அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே ஊன்றிய அதே பொறியாளர். அன்றைய இன்ஜின்களை யாரும் தோளில் தூக்க முடியாது. எடுத்துச் செல்லக்கூடிய பம்பு என்ற எண்ணம் பிறகு வந்தது. அந்தச் சொல்லுக்கு இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரே அர்த்தம் இல்லை என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் திரும்பவும் தனி மாவட்டமானது. அரசாங்கத்துக்கு இருந்த குழப்பம் பாறைக்கு இருந்ததில்லை. மேற்கே பச்சைமலை பக்கம் கடினப் பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் இருக்கும், கோடையில் மளமளவென்று இறங்கும். கிழக்கே அரியலூர் ஒரு காலத்தில் கடலடி. சுண்ணாம்புக் கல்லும் அம்மோனைட் புதைபடிவங்களும் கிடைக்கிற படிவுப் பாறை. தெற்கு எல்லையில் கொள்ளிடம். ஆகவே அரியலூரின் ஆற்றோரத்தில் பம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. பெரம்பலூரில் கீழ்நோக்கி நகர்ந்தது.

கீழ்நோக்கி என்றால் கிணற்றுக்குள்ளேயே. பாறையில் வெட்டிய திட்டில் இன்ஜினை உட்கார வைப்பார்கள். தண்ணீர் இருபது அடி இறங்கினால் இன்ஜினும் இறங்க வேண்டும். நிதானமாக ஓடும் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 1500 சுற்று, நூறு கிலோவுக்கு மேல் எடை. சங்கிலியும் நாலு ஆளும் இல்லாமல் அசையாது. அப்படியானால் எடை குறைந்த பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் இன்ஜினை இறக்கலாமே? கையால் இறக்கிவிடலாம். ஆனால் இவ்வகை இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு டீசலைவிடப் பல மடங்கு அதிகம். வாசனை இல்லாத வாயு, காற்றோட்டம் இல்லாத குழி. இறக்குவதற்கு எது சுலபமோ அதுவே உள்ளே இறங்கும் ஆளைக் கொல்ல வல்லது. சைலன்சர் குழாயை மேலே நீட்டிவிட்டாலும் ஒரு இணைப்பு கசிந்தால் போதும். எடை, விலை, எரிபொருள் என்று ஒப்பிடும்போது இந்த வரிசை பட்டியலில் விடுபட்டுப்போகிறது.

இதனால்தான் மின்சார மோனோபிளாக்கை வெறும் வசதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் புகை கிடையாது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984-ல் வந்தது, பிறகு எல்லோருக்கும். ஆனால் இணைப்புக்கு வரிசையில் நின்றவருக்கு இன்ஜின்தான் துணை.

கொள்ளிடக் கரையிலோ ஏரிக்கரையிலோ கதை வேறு. இங்கே உயரம் குறைவு, தூரம் அதிகம். பம்பு இன்றைக்கு இந்த வயலுக்கு, நாளை அடுத்த வயலுக்கு, மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும். எடை குறைய வேண்டுமென்றால் சுழல்வேகம் கூட வேண்டும்: 3600 சுற்றில் ஓடும் சின்ன பம்பு, இரண்டு கையால் தூக்கலாம். தள்ளும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் சின்னச் சக்கரமே போதும். விலை? காதைப் பிளக்கும் சத்தம், சீக்கிரம் தேயும் பாகங்கள். மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டுமானால் இன்ஜினுக்குள் அழுத்த விகிதத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தட்டும். குறைத்தால் திறன் போகும். பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓஸ்கூட இரண்டு விதம். வெளியே தள்ளும் ஓஸ் துணி மாதிரி மடிந்து சுருளலாம். உறிஞ்சும் பக்கம் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சப்பிப்போகும்.

பம்பின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதிகபட்ச உயரம் என்று ஓர் எண், அதிகபட்ச நீர் என்று ஓர் எண். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அந்த உயரத்தில் வரும் தண்ணீர் பூஜ்ஜியம். எங்கள் மென்பொருள் தொழிலின் விளம்பர எண்களுக்கும் இதே குணம் உண்டு. ஐந்து குதிரைசக்தி, பாதித் திறன் என்று வைத்தால் 15 மீட்டருக்கு நொடிக்கு சுமார் 12 லிட்டர். 30 மீட்டருக்கு அதில் பாதி. ஆற்றுக்கென்று வடிவமைத்ததை ஆழக் கிணற்றுக்கு வாங்கியவர் இந்தக் கணக்கைக் கோடையில்தான் பார்க்கிறார்.

நீர்மூழ்கி மோட்டார் வந்து கலிலியோவின் எல்லையைத் தாண்டியது. தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து மேலே தள்ளுகிறது. ஒரு வகையில் சாலின் வேலைதான். எடுத்துச் செல்லும் தன்மை அதோடு போய்விட்டது. அதைப் போர்க்குழியிலிருந்து வெளியே எடுக்க ஒரு லாரியும் ஒரு நாளும் வேண்டும். பழைய கிணறுகளில் இன்ஜின் உட்கார்ந்த திட்டுகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இன்னும் தெரிகின்றன. கடைசித் திட்டுக்கும் கீழே, அடித்தரையில், போர் போட்ட துளை.