கரையும் கசிவும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடம் என்றோர் ஊர். கொங்கு வடுகநாதர் கோயிலை அறிந்தவர்கள் ஊரையும் அறிந்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது பேருந்துச் சன்னலில் கடந்துபோகும் காற்றாலைகளும், கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளும், அவற்றுள் தலைகுனிந்து மேயும் மாடுகளும்தாம். இவ்வூருக்கருகில் உப்பாறு அணை இருக்கிறது. அமராவதியில் சென்று கலக்கும் சிற்றாறு ஒன்றின் குறுக்கே 1960-களில் எழுப்பப்பட்ட மண்கரை. 24 அடி நீரைத் தாங்க வல்லது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் ஆயக்கட்டு. கல்லணையைப் பற்றியும் மேட்டூரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய நாம் இத்தகைய அணைகளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கல்லில் கட்டியதற்குக் கிடைக்கும் மரியாதை மண்ணில் கட்டியதற்குக் கிடைப்பதில்லை போலும்.

ஆனால் அணைகளின் வரலாற்றில் மிகச் சுவையான அத்தியாயம் மண்ணுக்கும் நீருக்கும் இடையிலான வழக்குதான். எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் மண்கரை நீரை முழுதாகத் தடுத்து நிறுத்துவதில்லை. தேங்கிய நீர் கரையின் உடலுக்குள் புகுந்து, மெல்ல இறங்கி, மறுபுறத்து அடிவாரத்தில் வந்து தலைகாட்டும். அந்த நீர் தெளிவாக இருக்கும் வரை கவலையில்லை. கலங்கி வந்தால், உள்ளிருந்து மண்ணையும் சுமந்துகொண்டு வருகிறது என்று பொருள். ஒரு துகள் பெயர்ந்த இடத்தில் வழி சற்று அகலமாகிறது. அகன்ற வழியில் நீர் விரைகிறது. விரையும் நீர் அடுத்த துகளைப் பெயர்க்கிறது. வெளியே புல் முளைத்த கரை அசையாது நிற்க, உள்ளே ஒரு குழாய் பின்னோக்கி வளர்ந்து நீர்த்தேக்கத்தை எட்டிவிடும். பிறகு மணிக்கணக்குதான்.

நம்முடைய ஏரிக்கரைக் காவலர்களுக்கு இது ஏட்டறிவின்றியே தெரிந்திருந்தது. நண்டு வளையும் எலி வளையும் அடைக்கப்பட்டன. கரையின் உட்சரிவில் அலைகற்கள் பதிக்கப்பட்டன. மிகுநீர் கரையைத் தாண்டாமல் கலிங்கு வழியே வெளியேறியது. மழைக்காலத்தில் கரை உடையும் நிலை வந்தால் ஊரார் அனைவரும் மண்சுமக்க வரவேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதிவைத்தது. ஊர்க்கட்டுப்பாடு சட்டமாக மாறிய அந்தக் கணத்தில் நாம் எதை இழந்தோம் என்பது தனிக்கட்டுரைக்குரிய பொருள், இப்போது வேண்டாம்.

ஏட்டறிவு பிறந்தது அதே பத்தாண்டில், பிரான்சில். திஜோன் நகரின் குடிநீர் ஏற்பாட்டை அமைத்த ஆன்றி தார்சி, மணல் வடிகட்டிகளின் ஊடே நீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளந்து 1856-இல் வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஒழுக்கு கூடும். கடக்கவேண்டிய தொலைவு கூடினால் குறையும். இவ்வளவுதான் விதி. குழந்தைக்கும் விளங்கும் இதை அணைக்குப் பொருத்திப் பார்க்க உலகம் இன்னும் நாற்பதாண்டு காத்திருந்தது. அதற்கும் ஒரு விபத்து தேவைப்பட்டது. 1898-இல் கங்கையின் மேலிருந்த நரோரா தடுப்பணையின் கீழ்த்தளம், அடியில் ஊர்ந்த நீரின் அழுத்தத்தால் மேலெழும்பி உடைந்தது. மேலே ஓடும் வெள்ளத்தை அஞ்சியவர்கள் கீழே ஊரும் நீரை அதன் பிறகே அஞ்சக் கற்றார்கள். இந்திய மணலாறுகளில் பெற்ற இப்பாடங்களிலிருந்து ஊர்வழி நீளத்தைக் கணக்கிடும் பிளையின் முறையும், அதைத் திருத்திய கோஸ்லாவின் 1936-ஆம் ஆண்டு ஆய்வும் பிறந்தன. நீரியல் என்றால் இறக்குமதிச் சரக்கு என்று எண்ணுபவர்கள் இதைக் கருதிப்பார்க்கலாம்.

சரிவின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1916-இல் சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் ஒரு துறைமேடை சரிந்தது. சரிந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், அது ஏறக்குறைய ஒரு வட்டவில்லின் வழியே வழுக்கி இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அன்று முதல் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கீழே தள்ளும் விசையையும் தாங்கும் விசையையும் நிறுத்துப் பார்ப்பது பொறியாளர் வழக்கமாயிற்று. இந்த இரண்டு கதைகளையும் முடிச்சிட்டவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் எளிய கருவிகளோடு ஆய்வு நடத்தி 1925-இல் அவர் வெளியிட்ட நூல் சொன்னது இது: மண்துகள்களுக்கு நடுவே நிற்கும் நீர் தன் அழுத்தத்தால் துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே கசிவும் சரிவும் இரு நோய்கள் அல்ல, ஒரே நோய்.

இதில் ஒரு விந்தை. நிறைந்திருக்கும் அணையை விட விரைவாக வடிக்கப்படும் அணையின் உட்சரிவு அதிக ஆபத்தில் இருக்கும். வெளியே தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விடுகிறது. கரைக்குள் ஊறிய நீரோ அவ்வளவு வேகமாக வெளியேற முடியாமல் உள்ளேயே அழுத்திக்கொண்டிருக்கிறது. மதகை அவசரமாகத் திறப்பதும் ஒருவகை வெள்ளம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

நிற்க. உப்பாற்றைப் போலவே அமராவதியில் கலக்கும் குடகனாற்றில், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மண்ணணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. கசிவால் அன்று, நீர் கரையைத் தாண்டி வழிந்ததால். அணையில் ஐந்து கதவுகள் இருந்தன. மின்சாரம் நின்றுபோக, அவற்றை ஓரளவே உயர்த்த முடிந்தது. மின்னாக்கி வந்தும் பயனில்லாமல் கையால் இயக்கிப் பார்த்தார்கள். அதற்குள் வரத்து போக்கை மிஞ்சி, வழிந்த நீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டு இறங்கியது. கல்லணை மேல் நீர் வழிந்தால் அருவி. மண்ணணை மேல் வழிந்தால் முடிவு. குடகனாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. மழை மறைவு நிலமான நம் பகுதியில் வெள்ளம் வராது என்ற நம்பிக்கை ஆழமானது. பல்லாண்டு காய்ந்து கிடக்கும் கரை பத்திரமானது என்ற எண்ணமும் அப்படியே. உண்மையில் களிமண் காய்ந்தால் வெடிக்கும். சீமைக்கருவேல் வேரோடும், வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகும். நெடுங்காலம் வறண்ட கரைக்குத் திடீரென நீர் வரும் நாளே சோதனை நாள்.

உப்பாறு அவ்வாறு வறண்டு கிடந்த ஆண்டுகள் அநேகம். தன் ஆற்றில் வரத்துக் குறைந்த பின், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் திருமூர்த்தி அணையிலிருந்து அரசூர் ஷட்டர் வழியாக வரும் நீரையே அது பெரிதும் நம்பி நிற்கிறது. அந்நீருக்காக விவசாயிகள் திரும்பத் திரும்பப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கைக்கு இட்ட பெயர் ‘உயிர்த் தண்ணீர்’. வாய்க்காலில் பாயும் அளவுக்கு வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்பதில்லை. அணையில் தேங்கி நின்றால் போதும், சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்றுக் கண் திறக்கும், ஆடுமாடுகளும் தென்னையும் பிழைக்கும். அதாவது அவர்கள் கேட்பது கசிவை. பொறியாளர் கரையடியில் அளவுப்பலகை வைத்து அஞ்சி அஞ்சி அளக்கும் அதே பொருளை! கரையை ஊடுருவும் கசிவும் தரைக்குள் இறங்கும் கசிவும் தொழில்நுட்பத்தில் வேறுவேறு என்பது மெய். தார்சியின் விதிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்த முரண் வழக்கு மன்றம் வரை போன இடம் கீழ்பவானி. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணை இந்தியாவின் மிக நீண்ட மண்ணணைகளுள் ஒன்று. கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். அதிலிருந்து புறப்படும் கால்வாய் 200 கிலோமீட்டர் நீளும் மண்கால்வாய். ஐம்பதாண்டுக்கு மேலாக அதன் கசிவில் கிணறுகள் நிறைந்தன, ஓடைகள் உயிர்பெற்றன, கசிவுநீர்ப் பாசனம் என்றே ஒரு பாசனம் உருவாயிற்று. கால்வாய்க்குக் கான்கிரீட் பூசும் திட்டம் 2020-இல் வந்தபோது கடைமடைக்காரர்களில் பலர் வரவேற்றார்கள், கசிவை நம்பியவர்கள் எதிர்த்தார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ‘வீண்’ என்று கணக்கேட்டில் எழுதப்பட்ட நீருக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளும் கணக்கு நம்மிடம் இல்லை என்பதே என் குறை.

கசிவு எப்போதும் வரமும் அன்று. குண்டடத்திலிருந்து வடக்கே காங்கேயம் தாண்டிப் போனால், சென்னிமலைக்கு இப்பால் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 20,000 ஏக்கருக்கு நீர் தருவதற்கென்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு சில ஆண்டுகளிலேயே அதை நிறைத்தது. மண் தன் வேலையை மாறாமல் செய்தது: தேங்கிய உப்புநீரைச் சுற்றுக் கிணறுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. நீர் தேக்குங்கள் என்று கேட்கவேண்டிய விவசாயிகள் தேக்காதீர்கள் என்று கேட்டார்கள். 2003-இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் உயர்நீதிமன்றம் சென்றார்கள், 2006-இல் தீர்ப்பு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு. பின்னலாடையின் வண்ணம் எங்கெங்கோ கடல்கடந்து சென்றது. அதன் உப்பு இங்கேயே இறங்கியது.

2021-இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பருவமழைக்கு முன்னும் பின்னும் கரைகளை ஆய்ந்து, கசிவை அளந்து பதியவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதே கசிவுக்காகக் குண்டடத்தார் அரசூர் ஷட்டரைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஒரத்துப்பாளையத்திலோ, மழைநீர் வந்தால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று முதலில் அளந்து பார்க்கிறார்கள்.