லைக்கன் படித்த மூன்று பாடம்

பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அது பாசி இல்லைங்க. பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் லைக்கன். ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில் ஒரு மரம் முழுக்க லைக்கன் அப்பிக் கிடக்கும். இன்னொரு மரம் மொட்டையா நிற்கும். ஏன்? பதில் மூணு கட்டமா வந்தது.

முதல் கட்டம், காற்று. 1866-ல் பாரிஸில் இருந்த ஃபின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர், லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் வகைவகையான லைக்கன்களைப் பதிவு செய்தார். நகரின் மற்ற பகுதிகளில் அவை அருகிவிட்டதைப் பார்த்து, காற்றின் சுத்தத்தை இவை காட்டுகின்றன என்றார். முப்பது வருஷத்தில் அந்தத் தோட்டத்திலும் அவை காணாமல் போயின. நிலக்கரிப் புகைதான் காரணம்.

இரண்டாவது, பட்டை. 1970-ல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் பிரான்சிஸ் ரோஸும், லைக்கனைப் பார்த்தே காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடைக் கணிக்க 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் போட்டார்கள். அதில் அமிலப் பட்டைக்குத் தனிப் பட்டியல், எல்ம் போன்ற காரப் பட்டைக்குத் தனிப் பட்டியல். ஒரே காற்றுதான், ஆனா பட்டை மாறினால் குடியிருப்பவர்களும் மாறுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: காலம். சில லைக்கன்கள் பழங்காடுகளில் மட்டுமே கிடைப்பதை ரோஸ் கவனித்தார். அவற்றைப் பட்டியலிட்டு, ஒரு காடு எவ்வளவு காலம் அறுபடாமல் இருந்தது என்று கணிக்கும் முறையை 1976-ல் வெளியிட்டார். அவருக்கு நல்ல உதாரணம் தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் மன்னர் வேட்டைக்காக ஒதுக்கிய இடம். 1851-ல் வந்த சட்டம், வேலி போட்டு மரத்தோட்டம் வளர்க்க வழிவிட்டது. எதிர்ப்பு கிளம்பி, 1877 சட்டம் மிச்சமிருந்த பழங்காட்டைக் காப்பாற்றியது. நுரையீரல் போலத் தோன்றும் லொபேரியா பல்மொனேரியா அங்கே இன்றும் இருப்பது அதனால்தான். அதன் துகள்கள் பெரும்பாலும் தொலைதூரம் போகாது. ஒரு கிழட்டு மரம் சாயும் முன் பக்கத்தில் இன்னொரு முதிய மரம் தயாரா இருக்கணும்.

லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கந்தகம் குறையக் குறையப் பல லைக்கன்கள் நகரத்துக்கே திரும்பின. அழுக்குக் காற்றில் கொழித்த லெக்கனோரா கோனிசியாய்டஸ் அரிதாகிவிட்டது. ஆனா வெட்டப்பட்ட பழங்காட்டின் லைக்கன்கள் அப்படித் திரும்பவில்லை. காற்றைச் சில பத்தாண்டுகளில் சரிசெய்யலாம்; முன்னூறு வருஷ ஓக் மரத்தை அப்படி வரவழைக்க முடியாது.

இன்று இது பழங்கதை இல்லை. 1970-களில் நோய் வந்து எல்ம் மரங்கள் கூட்டங்கூட்டமாச் செத்தன. எல்ம்மில் வாழ்ந்த பல லைக்கன்களுக்கு மிச்சமிருந்த புகலிடம் ஆஷ் மரம். 2012-ல் பிரிட்டனில் ஆஷ் மரத்தையும் ஒரு பூஞ்சை நோய் தாக்குவது தெரிய வந்தது. ‘ஒண்ணு போனா பத்து நடுவோம்’ என்பது நல்ல எண்ணம்தான். ஆனா பத்து கன்றும் ஒரே வயசு. அவை கிழடாகும் வரை லைக்கன் எங்கே காத்திருக்கும்?