பொது மருத்துவச் சேவையின் செயல்திறன் அளவீடு: தமிழ்நாடு

அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மக்களுக்கு எந்த அளவு பயன்படுகின்றன என்பதைக் கணக்கிட்டு மதிப்பிடும் முறை. கட்டடம், ஆள், மருந்து ஒரு கணக்கு; பிரசவம், தடுப்பூசி முதலிய பணிகள் இன்னொன்று; யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பது மூன்றாவது. அவெடிஸ் டொனபீடியன் 1966இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் இந்த மூன்றாவது கணக்குக்கே வயது அதிகம்.

சென்னை மாகாணத்தில் 1864இல் சுகாதார ஆணையம் அமைந்தது. பிறப்பு இறப்பைக் குறிக்கும் வேலை கிராம அதிகாரிகளிடம் வந்தது. கொங்குப் பகுதியில் மணியக்காரரிடம். காலரா, அம்மை என்றால் ஊருக்கே தெரியும். மற்றதெல்லாம் பெரும்பாலும் 'காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். இந்தக் குறைபட்ட பதிவுகள் உருவான காலத்திலேயே, 1877 பஞ்சத்தின்போது, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் உழைப்பவருக்குப் போதும் என்ற, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளின் கணக்கை எதிர்த்து வாதாடினார். அரசின் செயலை மருத்துவத் தரவைக் கொண்டு கேள்வி கேட்ட முன்னோடி நிகழ்வு அது. 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், 1939இல் பொது சுகாதாரச் சட்டமும் வந்தன.

பதிவேட்டில் எத்தனை விடுபட்டது என்பதை அறிய வழி பிறந்தது மாதிரிப் பதிவுத் திட்டத்தில்தான். 1969–70 முதல் முழு அளவில் நடக்கும் இதில், தேர்ந்தெடுத்த ஊரில் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு இறப்பைக் குறிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து வீடுவீடாகத் தனியே கணக்கெடுப்பார். இரண்டும் பொருந்தாத இடத்தில் மறுபடி விசாரிப்பார்கள். வேலை செய்பவரே தன் வேலைக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளாத ஏற்பாடு இது.

தமிழ்நாடு தனக்கென உருவாக்கிக்கொண்டது தாய் இறப்புத் தணிக்கை. 1994இல் தொடங்கி, 2004இல் அரசாணை மூலம் கட்டாயமாயிற்று. கர்ப்பிணியோ பிரசவித்தவரோ இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். பிறகு குழு வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் விசாரிக்கும். வலி எப்போது வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே அனுப்பினார்கள், ரத்தம் இருந்ததா என்பவை கேள்விகள். திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை போன்ற ஊருக்கு இது முக்கியம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம்; சிக்கலானால் கோவைக்கு அனுப்புவார்கள். இறப்புப் பதிவோ நடந்த இடத்தில்தான் நடக்கும். ஆக உடுமலைக்காரப் பெண் கோவை ஜி.எச்.இல் இறந்தால் பதிவு கோவையில். தணிக்கைதான் அதை அவளுடைய ஊர்வரை பின்தொடர்ந்து வருகிறது. கர்ப்பம் உறுதியானதும் தரப்படும் 'பிக்மி' எண்ணும் 2008 முதல் இந்த வேலைக்கு உதவுகிறது.

தணிக்கை தொடங்கிய ஆண்டுகளில் பதிவான இறப்புகள் கூடின. மறைந்திருந்தவை வெளியே வந்ததால் கூடியதைச் சேவையின் வீழ்ச்சி என்று படிப்பது தவறு. விசாரணையில் தெரிந்த குறைகள் அவசர மகப்பேற்றுச் சிகிச்சை தரும் 24 மணி நேர 'சீமாங்' மையங்கள், ரத்தச் சேமிப்பு வசதி போன்றவற்றின் தேவையை உணர்த்தின. மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 2001–03இல் 134, 2018–20இல் 54.

துறையின் சொந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குத் தடுப்பூசி சான்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம்; 2015–16இல் 69.7, 2019–21இல் 89.2. நடுவில் விழுந்த சரிவு வெளியார் எண்ணியதால் தெரிந்தது. ஆனால் வெளியார் தரும் தரவரிசை வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2000இல் நாடுகளைத் தரவரிசைப்படுத்தி இந்தியாவுக்கு 112ஆம் இடமும் இலங்கைக்கு 76ஆம் இடமும் கொடுத்தது. நிதி ஆயோக்கின் சுகாதாரச் சுட்டிப் பட்டியலில் பெரிய மாநிலங்களுக்குள் தமிழ்நாடு முதலில் 3, அடுத்து 9, 2021 டிசம்பரில் 2. ஒரு மாநிலத்தின் மருத்துவம் இவ்வளவு வேகமாக இறங்கி ஏறாது. சுட்டியின் கூறுகள்தான் அசைகின்றன. தலைப்புச் செய்திக்கு மேல் இதற்கு மதிப்பில்லை.

இன்றைய சிக்கல் தொற்றா நோய்கள். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பது பழைய வகைக் கணக்கு. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு வேறு கேள்வி கேட்டது: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது? விடை 7.3 சதவீதம். வீடு தேடிச் சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த சுற்று ஆய்வில் அந்த விகிதம் 17 சதவீதம் ஆனது.

ஆய்வுகள் மாவட்டத்தோடு நின்றுவிடுகின்றன. 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்துக்குத் தனி எண்கள் உண்டு. உடுமலை வட்டத்துக்கு இல்லை. திருமூர்த்தி மலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு போன்ற குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அங்கே ஒரு பிரசவம் வீட்டிலேயே நடந்தால் மாவட்டச் சராசரியில் தசமப் புள்ளிக்குப் பின்னும் தெரியாது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் மட்டும் தெரியும்.